இரும்புலியூர் இன்னாசி ஜெயசீலனைத் தேடி ஐந்து ஞாயிறு

பாஸ்போர்ட் எடுத்து மஸ்கட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் லிஃப்ட் மாட்டிவிட்டு வந்தவன் நான். அங்கே இறங்கிய முதல் நாள்கூட இவ்வளவு அந்நியமாக உணரவில்லை. இந்தப் பயணம் வீட்டைச் சுற்றித்தான். ஐந்து ஞாயிறு, நான்கு கோயில். ஷேர் ஆட்டோவில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனாலும் இதை வெளிநாட்டுப் பயணம் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு இடத்திலும் பேச்சு வேறு, சாப்பாடு வேறு, செருப்பைக் கழற்றுவதா போட்டுக்கொண்டே போவதா என்பதுகூட வேறு.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மார்பு வலித்து நான்கு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தேன். இந்த வருஷம் டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே ரிப்பேர் செட் ஆகாது சார், பைபாஸ்தான்" என்றார். எங்கள் தொழில்காரர் மாதிரியே பேசியதால் மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். நடுவில் ஐந்து ஞாயிறு இருந்தன.

ஆபரேஷனுக்குப் பயமில்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்பா இறந்த நாளிலிருந்தே என்னிடம் உண்டு. அம்மா கத்தோலிக்கம், அப்பா லுத்தரன். இன்னாசி அம்மா வைத்த பெயர், ஜெயசீலன் அப்பா வைத்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இரண்டு கோயிலிலும் நனைந்தேன், இரண்டிலும் பெயர் நிலைக்கவில்லை. அப்பா போன அன்று கல்லறையில் இடம் கேட்டால், முதல் கேள்வியே "எந்தச் சபையில மெம்பர்?" என்பதுதான். லுத்தரன் என்று பேர்தான், அப்பா எந்தச் சபையிலும் மெம்பராக இல்லை. உடலை வீட்டில் வைத்துவிட்டு, வெயில் ஏற ஏற, ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ஓடினேன்.

நானும் எங்கேயும் சேரவில்லை. என் மனைவி சரோஜா இந்து. எங்களுடையது ரிஜிஸ்டர் கல்யாணம். எனக்கு ஒன்று ஆனால் அவள் ஒற்றை ஆளாக எந்தக் கேட்டில் போய் நிற்பாள்? அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் நான் எந்தச் சபை என்று தெரிந்து, சேர்ந்து, மெம்பர் கார்டை பீரோவில் வைத்துவிட வேண்டும். இதை அவளிடம் சொல்ல முடியுமா? சும்மா கோயில் பார்க்கிறேன் என்றேன்.

"ரிடையர் ஆன மனுஷங்க பார்க்குக்குப் போவாங்க. நீங்க கோயில் கோயிலா போறீங்க. எங்க இட்லி நல்லா இருக்குன்னு பாக்குறீங்களா?" என்றாள்.

டொரண்டோவில் இருக்கும் மகள் ஷீபா போனில் ஒரு கேள்வித்தாள் அனுப்பினாள். நம்பிக்கையைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தட்டினால் நமக்குப் பொருந்துகிற சபையை அதுவே சொல்லுமாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் சரியா, புனிதர்களிடம் வேண்டலாமா, பூசையில் அப்பமும் திராட்சை ரசமும் என்ன ஆகின்றன. அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பதினேழாவது கேள்வி: இறந்தவர்களுக்காகச் செய்யும் ஜெபம் அவர்களைச் சேருமா? அப்பாவின் சபையில் அப்படி ஜெபிக்கிற வழக்கமில்லை. அப்பாவின் பிள்ளையாக, யோசிக்காமல் 'சேராது' என்று தட்டினேன். கடைசியில் வாயில் நுழையாத ஒரு சபையின் பெயர் வந்தது.

"அப்பா, அது நம்ம ஊர்ல கிடையாதுப்பா."

"தாம்பரத்துல இருந்து பஸ் இல்லாத சபை எனக்கு எதுக்கும்மா? நேர்லயே போய்ப் பாத்துக்கறேன்."

முதல் ஞாயிறு, அப்பாவின் லுத்தரன் கோயில். தாம்பரம் ஸ்டேஷன் இரைச்சலுக்கு அவ்வளவு பக்கத்தில் அத்தனை அமைதி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைகள், பாட்டுப் புத்தகத்தில் எண் பார்த்துப் பாட்டு, நேரத்துக்கு முடிந்த பிரசங்கம். டீயும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் மெல்லக் கல்லறைப் பேச்சை எடுத்தேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். சுற்றிக்காட்டினார்.

"எல்லாம் ஃபுல் சார். இப்ப மேல மேலதான். அப்பார்ட்மென்ட் மாதிரி."

ஒரு பளிங்குக் கல்லில் இரண்டு பெயர் வெட்டியிருந்தது. மனைவிக்குப் பிறப்பும் இறப்பும். கணவருக்குப் பிறந்த தேதி மட்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் வழவழப்பு.

"இவரு?"

"உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டிருக்காரே, நீலச் சட்டை, அவருதான். வாராவாரம் வந்து அவர் பேரை அவரே தொடைச்சிட்டுப் போவாரு."

சேர்வது பற்றிக் கேட்டேன். பழைய சபையிலிருந்து கடிதம் வேண்டும் என்றார். பழைய சபை இல்லையே என்றேன். சீட்டு இல்லாமல் வண்டியேறிய ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். டீக்குத் திரும்பி வந்தபோது நீலச் சட்டைக்காரர் என் பெயரைக் கேட்டார். நான் எப்போதும் சொல்வதுபோல "இன்னாசி ஜெயசீலன், இரும்புலியூர்" என்றேன். லிஃப்ட் புகார்ப் புத்தகத்தில் ஊரோடு பெயர் எழுதிப் பழகியதால் வந்த பழக்கம். அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"இந்தப் பேரை எங்கயோ கேட்டிருக்கேனே."

"எங்க சார்?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மச்சான் வீட்டுக்குப் போனப்போ, ஏதோ பூசையில... இல்ல, வேணாம். காலங்காத்தால எதுக்கு அது."

இரண்டாவது ஞாயிறு சேலையூர்ப் பக்கம் ஒரு மலையாளத்தார் கோயில். ஆர்த்தடாக்ஸ். சுற்றிலும் சாம்பிராணிப் புகை, முன்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் மணிச் சத்தம். எதுவும் புரியவில்லை. மூன்று மணி நேரம் நின்றதில் கால் மரத்துப்போனது. வழிபாடு முடிந்ததும் பாலப்பமும் கடலைக் கறியும் கொடுத்தார்கள், அதற்காகவே சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த சேட்டன் அரைத் தமிழில் சொன்னார்: "திரைக்கு அந்தப் பக்கம் மரிச்சவங்க. இந்தப் பக்கம் நம்ம. குர்பானா நேரத்தில எல்லாரும் ஒரே முறிதான்." பூசை நேரத்தில் எல்லாரும் ஒரே அறை என்கிறார். அப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் திரை மூச்சு விடுவதுபோல உள்ளே போய் வெளியே வந்தது.

மூன்றாவது ஞாயிறு பெரும்பாக்கம். எட்டு மாடிக் குடியிருப்புகள், ஒன்றைப்போலவே இன்னொன்று, எண் பார்த்துத்தான் போக வேண்டும். அங்கே ஏழாவது மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக் கூட்டம் நடப்பதாக எங்கள் தெரு அயர்ன்காரர் சொல்லியிருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் இறக்கிவிடும்போதே எச்சரித்தார்: "லிஃப்ட்ல போவாத சார். அது மூடுக்கு ஏத்த மாதிரிதான் ஓடும்." முப்பது வருஷம் லிஃப்டோடு குடும்பம் நடத்தியவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி? மாடிப்படி ஏறவும் கூடாது, டாக்டர் உத்தரவு. ஏறினேன்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. விளக்கும் போயிற்று. மேலேயிருந்து கைதட்டிப் பாடும் சத்தம் கேட்டது. கயிற்றின் வழியாக அது இறங்கி என் காலடியிலிருந்தும் கேட்டது. இருட்டில் என் இதயம் அடிப்பதும் கேட்டது. கதவை உள்ளேயிருந்து தட்டினேன். பாட்டு நின்றது.

"யாரு உள்ள?" ஒரு பெண் குரல்.

"பயப்படாதீங்கம்மா. இன்னாசி ஜெயசீலன், இரும்புலியூர்!"

கால்கள் ஓடும் சத்தம். பிறகு பத்துப் பதினைந்து பேர் ஒரே மூச்சில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில், ஜெபிக்கத் தொடங்கினார்கள். எனக்காகத்தான் ஜெபிக்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, என்னைத் துரத்துவதற்காக.

கதவை விரித்து, மேல் மூலையில் கைவிட்டுக் கதவுப் பூட்டின் ரோலரைத் தள்ளி, ஏழாவது மாடித் தரையைப் பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்தேன். நடைபாதை முழுக்க வெள்ளைப் புடவைப் பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முன்னால் நின்றவர் ஒல்லியான ஓர் அக்கா, கையில் பைபிள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். தரையில் ஊன்றியிருக்கிறதா என்று.

"கால் கீதுடி" என்றார் பின்னால் திரும்பி. அப்புறம்தான் யாரோ ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள்.

அவர் பெயர் எஸ்தர். சேமியாவும் டீயும் கொடுத்துவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காத சார். பள்ளிக்கரணைல ஏரிய பாத்த மாரி ஒரு ஆர்.சி. கோயில் கீதுல்ல? அங்க நான் பெருக்கித் தொடைக்கிறேன். வேலை அங்க, விசுவாசம் இங்க. மாசாமாசம் மொத ஞாயித்துக்கெயம பூசைல உன் பேரைப் படிக்கிறாங்கோ."

"என்னன்னு படிக்கிறாங்க?"

"செத்தவங்க பேரு படிப்பாங்களே, அதுல."

"வேற யாராவது இருப்பாங்கம்மா."

"இரும்புலியூர்னு ஊரோட படிக்கிறாங்க சார். ஒரு வருசமா வராண்டால நின்னுகினு நான் கேக்கறேன். என்னிய நம்பாத. வர்ற ஞாயிறு மொத ஞாயிறு. நீயே போய் உன் காதால கேளு."

திரும்பும்போது படியிறங்கியே வந்தேன். இன்னாசி என்று எத்தனையோ பேர், ஜெயசீலன் என்று எத்தனையோ பேர். இரண்டும் சேர்ந்து, இரும்புலியூரும் சேர்ந்து, இன்னொரு ஆளா? வீட்டில் சரோஜா விளக்கேற்றி இருந்தாள். பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் என் அம்மாவின் மாதா படம். அவள் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்ன, இன்னைக்கு இட்லி சரியில்லையா?" என்றாள்.

நான்காவது ஞாயிறு, காலை ஏழு மணிப் பூசைக்குப் பள்ளிக்கரணையில் இறங்கினேன். சதுப்பு நிலத்தின் மேல் பனி படுத்துக் கிடந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, நாணல் தெரியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகப் பறவைகள் நின்றன. ஒன்று தலையைத் திருப்பினால்தான் அது பறவை என்று தெரிந்தது. பஸ் போன பிறகு சத்தமே இல்லை. கோயில் வாசலில் இடியாப்பம் விற்கிற அம்மா, "பூசை முடிச்சிட்டு வாங்கண்ணா, சூடா எடுத்து வெக்கிறேன்" என்றது ஒன்றுதான் இந்த உலகத்துப் பேச்சாக இருந்தது.

கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு வயதான அம்மா, முக்காடு போட்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பூசை தொடங்குமுன் ஒரு பெண் மைக்குக்கு வந்து சீட்டைப் பிரித்தார். முதலில் பிறந்தநாள், கல்யாண நாள், நன்றி. பிறகு குரல் இறங்கியது. இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. மூன்று பெயர்கள். நான்காவதாக:

"இரும்புலியூர் இன்னாசி ஜெயசீலன்."

மஸ்கட்டில் ஒருமுறை பதினான்காவது மாடியில் கயிறு அறுந்து லிஃப்ட் இரண்டு அடி விழுந்து பிரேக் பிடித்தது. அந்த இரண்டு அடி எனக்குள் மறுபடி விழுந்தது. கோயில் முழுக்க எழுந்து நின்று இந்த ஆன்மாக்களுக்கு நித்திய இளைப்பாற்றி கொடு என்று கேட்டது. பின்னாலிருந்த அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் அழுத்தி, தெரிந்த ஆளுக்குக் கேட்பதுபோல. எனக்கே தெரியாமல் நானும் எழுந்து நின்றிருந்தேன். என் வாயும் அவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும் நேராகக் கோயில் ஆபீஸுக்குப் போனேன். சீட்டு வாசித்த அதே பெண்தான் அங்கே எழுத்து வேலையும் பார்க்கிறார். லீமா என்று பெயர். இன்னாசி ஜெயசீலன் யார் என்று கேட்டேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"நான்தான்மா அவர்."

பேனாவை வைத்துவிட்டு லீமா என்னையே பார்த்தார். பிறகு பெரிய நோட்டைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். 'மரித்தோர்' என்ற தலைப்பின் கீழ் என் பெயர். மாதம் ஒரு பூசை, முதல் ஞாயிறு, ஒரு வருஷம். இறந்த தேதி என்ற கட்டத்தில் போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள். கொடுத்தவர்: மனைவி, சரோஜா.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். அழுதுகிட்டே வந்தாங்க. வீட்டுக்காரருக்குப் பூசை வைக்கணும்னாங்க. எப்போன்னு கேட்டேன், தேதி சொன்னாங்க. அதுக்கு மேல பேச முடியல அவங்களால. தலையில பூ இல்ல, நெத்தியில பொட்டு இல்ல. புதுசா அழிச்ச தடம் மட்டும் இருந்துச்சு. நான் என்னன்னு சார் கேப்பேன்? நானே புரிஞ்சிக்கிட்டு எழுதிட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரோ, போன வருஷம் பள்ளிக்கரணைக் கோயிலுக்குப் போனியா?"

கீரையைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

"பொட்டை ஏன் எடுத்த?"

"உங்க பெரியம்மா வீட்டு அக்காதான். கல்யாணமான புதுசுல சொன்னாங்களே, எங்க கோயிலுக்குள்ள பூ, பொட்டோட வரக்கூடாதுன்னு." சேலை நுனியால் விரலைத் துடைத்தாள். "ஆஸ்பத்திரிலேருந்து பஸ்ல வந்துட்டிருந்தேன். அந்தக் கோயில் தெரிஞ்சுது, இறங்கிட்டேன். உங்க அம்மா சாமிகிட்ட கேப்போம்னு. வாசல்ல நின்னு நெத்தியில கை வெச்சேன். நீங்க உள்ள அப்படிக் கெடக்குறீங்க, நான் இங்க நெத்தியத் தொடைக்கிறேன். தொடைச்சா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். தொடைக்கலன்னா உள்ள இருக்கிற சாமி காது குடுக்காதோன்னு பயம். தொடைச்சேன்."

என் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானே உங்களை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேனே. அடுத்த வாரம் ஆபரேஷனை வெச்சுகிட்டு."

"அதுக்கப்புறம் ஒரு வருஷம் இருந்திருக்கேனே."

அவள் என்னையே பார்த்தாள். கை தானாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் நாடியைத் தேடின. "அத்தனை பேர் செத்தவர்னு வேண்டியும் நீங்க இருக்கீங்க," என்றாள் மெல்ல. "எப்படிங்க?"

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாம் சொன்னேன். அப்பாவின் உடல், வெயில், கேட், கார்டு. கேட்டுவிட்டுக் கீரையை மறுபடி எடுத்தாள். "இதுக்குத்தான் ஊர் சுத்துனீங்களா? எந்த கேட்லயும் நான் நிக்க மாட்டேன். நீங்க திரும்பி வர்றீங்க." கட்டளை மாதிரிதான் சொன்னாள். ஆனால் நல்ல கீரையைக் குப்பைப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இரண்டு பேரும் பாதிரியாரைப் பார்த்தோம். சின்ன வயது ஃபாதர். நோட்டைப் பார்த்து முதலில் சிரித்தார், சரோஜாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு இரண்டு ஞானஸ்நானம், கடிதம் எதுவும் இல்லை, கேள்வித்தாளில் பதினேழாவதற்கு நான் தட்டிய பதில் உங்களுக்கு ஆகாது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இறந்தவங்களுக்கு ஜெபம் போய்ச் சேராதுன்னு தட்டினீங்களா?"

"ஆமா ஃபாதர்."

"இப்ப?"

"இப்ப எனக்குத் தெரியல."

"அது போதும் சார், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். இடத்தைப் பத்திக் கவலை வேணாம். ஒரு வருஷமா எங்க புத்தகத்துல இருக்கீங்க. இனிமே வெளியில போகத்தான் உங்களுக்கு லெட்டர் வேணும்."

கார்டை அன்றே எழுதிக் கொடுத்தார். அது பீரோவில் சரோஜாவின் பட்டுப் புடவைக்குக் கீழே இருக்கிறது. பெந்தெகொஸ்தே அக்காவின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், லுத்தரன் பாட்டுக்கள் இன்னும் வாயில் இருக்கின்றன, அந்தத் திரையை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். பொருத்தம் பார்த்து நான் எதையும் எடுக்கவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த ஆள் அங்கே எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

ஐந்தாவது ஞாயிறு. மறுநாள் அட்மிஷன். அதே பனி, அதே பறவைகள். வராண்டாவில் துடைப்பத்தோடு நின்ற எஸ்தர் அக்கா என் காலை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். வாசல்படியில் சரோஜாவின் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்."

"யாராவது சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

பெரிய குங்குமப் பொட்டோடு அவள் உள்ளே வந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். பின்னால் அதே முக்காடு, அதே ஜெபமாலை. லீமா மைக்குக்கு வந்தார். பிறந்தநாள், கல்யாண நாள். பிறகு நோயாளிகள்.

"நாளை அறுவை சிகிச்சைக்குச் செல்லும், இரும்புலியூர் இன்னாசி ஜெயசீலனுக்காக."

கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஒரு வருஷமாக அந்தப் பெயரை வேறு வரிசையில் கேட்டுப் பழகியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தேடிய கண்கள் பொட்டு வைத்த பெண்ணிடம் வந்து, அவள் பக்கத்தில் இருந்த என்னிடம் நின்றன. சரோஜா என் கையை விடவில்லை.

பின்னால் ஜெபமாலை நின்றுவிட்டது. ஒரு வருஷம் எனக்கு இளைப்பாற்றி கேட்ட அந்த அம்மாவின் கை மெல்ல நீண்டு வந்து என் முதுகில் பட்டது. சட்டையின் மேல், தோள்பட்டைக்கு நடுவில், உள்ளங்கையை முழுசாக வைத்தார். சூடு இருக்கிறதா என்று பார்க்கிற கை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்த்து முடிக்கிறவரை, நான் இருக்கிறேனா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.